வாயில்லா ஜீவன்களும் வாய்வழி மருந்தும்

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது

நெசவாளர் வீட்டில் பூனையும் விவசாயியின் களத்தில் நாயும் இருப்பது அலங்காரத்திற்காக அன்று. பாவுக்கு இட்ட கஞ்சியின் வாசனைக்கு எலி வரும். அந்த எலிக்குப் பூனை வேண்டும். நிலக்கடலைக் காட்டுக்குப் பன்றி வரும்; அதனை விரட்ட நாய் வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாவிடினும், இவ்விரண்டும் நம் தொழிலில் உழைக்கும் ஜீவன்களே. ஆயினும் அவற்றுக்கு நோய் வந்தால் நாம் செய்யும் வைத்தியம், அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைத் தேடுவதோடு முடிந்துவிடுகிறது. அதனால் விளையும் தீங்கினை நேரில் கண்டவன் நான். அத்தீங்கில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவேதான் அங்கத்தினர்களுக்கு இதனை எழுதத் துணிந்தேன்.

கிடங்குப் பூனை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தேன். நூல் கிடங்கில் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையில் சாக்கின்மேல் ஒரு பெண் பூனை சுருண்டு படுத்திருந்தது. அடுத்த தெருப் பூனையோடு சண்டையிட்டு வாலடியில் கடிபட்டு, அவ்விடம் எலுமிச்சம்பழம் போல் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"உடம்பு கொதிக்கிறது, ஐயா. வீட்டில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. போன மாதம் பேரனுக்கு வாங்கிய காப்ஸ்யூலும் நான்கு மீதி இருக்கிறது. பாதி பாதி கொடுக்கலாமா?" என்று செயலாளர் கேட்டார்.

நான் பட்டம் பெற்றவன் என்பதனால் அவர் என்னைக் கேட்டார். "பாதிதானே, கொடுங்கள். என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்று நானும் சொல்லிவிட்டேன். ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் வவுச்சரைக் கேட்கும் நான், ஓர் உயிரின் விஷயத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பூனையின் முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன. ஈறு பழுப்பு நிறமாக மாறியிருந்தது. மூச்சு இரைத்தது. கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றோம். போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "இந்தச் சீழ் இதனைக் கொன்றிராது. கீறிச் சுத்தம் செய்து, தக்க மருந்தைச் சில நாள் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும். காய்ச்சல் மாத்திரை கொன்றுவிட்டது" என்றார்.

அடுத்த தணிக்கைக்குப் போனபோது, எலி கடித்த சிட்டா நூலும் ஒரு பாவும் சேதக் கணக்கில் ஏறியிருந்தன. அப்பதிவில் கையெழுத்திடுகையில் என் கை கூசியது.

பாராசிட்டமால் என்னும் காய்ச்சல் மருந்து நமக்கு நன்மை செய்வது. நம் கல்லீரல் அதனை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அவ்வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. ஆதலால் மருந்து நஞ்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அழித்துவிடுகிறது. ஈறு பழுப்பாவதன் காரணம் அதுவே. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது, பாதியும் ஆபத்தே. ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்றிலிருந்து இவ்விஷயத்தைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

மருந்து எதனைக் கொல்லும்?

1928-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதற்குப் பின் வந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் யாவும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை அழிப்பதற்கு அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதற்கு ஆனவை. வைரஸ் வேறு, பூஞ்சை வேறு, சொறிப்பூச்சி வேறு. இவற்றின்மேல் அம்மருந்துகளுக்கு அதிகாரம் இல்லை.

நாய்க்கு வரும் டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவை வைரஸ் நோய்கள். பூனை தும்மிக் கண்ணீர் வடிக்கும் சளி நோயும் பெரும்பாலும் வைரஸினால் வருவதே. வட்ட வட்டமாக மயிர் உதிர்வது பூஞ்சையாக இருக்கலாம். சிவந்து சொறிவது பூச்சியாக இருக்கலாம். இத்தகைய நோயில், வைரஸினால் பலவீனப்பட்ட உடலில் பாக்டீரியாவும் புகுந்துவிட்டது என்று மருத்துவர் கருதினால் ஆன்டிபயாடிக் கொடுப்பதுண்டு. அதனைத் தீர்மானிப்பவர் அவரே. நாய்க்குத் திடீரென்று வரும் சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நீராகாரத்தினாலும் எளிய உணவினாலும் சில நாளில் தானே அடங்கும். இரத்தம் கலந்து போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நாய் சோர்ந்து விழுந்தாலோ காத்திருத்தல் கூடாது.

ஆண் பூனை அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்குவதைக் கண்டால் "நீர்ச்சுருக்கு, மாத்திரை கொடு" என்பர். இளம் பூனைகளில் இது பெரும்பாலும் கிருமியினால் வருவதன்று. மூத்திரப்பாதை அடைபட்டிருக்கலாம். அடைப்பினை நீக்காவிடில் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மாத்திரையை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அப்பூனைக்கு நஷ்டமே.

மருத்துவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்?

எல்லாத் தறிக்கும் ஒரே அச்சு பொருந்தாது என்பதனை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் விஷயமும் அவ்வாறே. புண் எவ்விடத்தில் இருக்கிறது, அவ்விடத்தில் வழக்கமாக எந்தக் கிருமி குடியேறும், எந்த மருந்து அவ்விடத்தை எட்டும், நோயாளியின் வயது என்ன, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி என்பனவற்றைப் பார்த்த பின்னரே மருத்துவர் சீட்டு எழுதுகிறார்.

பூனைக் கடியில் சீழ் கட்டினால், பூனையின் வாயிலேயே வாழும் பாஸ்டுரெல்லா என்னும் கிருமி பெரும்பாலும் காரணமாயிருக்கும். முதல் வேலை கீறிச் சீழை வெளியேற்றுவது. தேவையெனின் அமாக்ஸிசிலின், அல்லது அதனோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை கொடுக்கப்படும். நாயின் தோலில் கொப்புளமும் பொருக்கும் வந்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த கிருமி பெரும்பாலும் காரணம். மேலோட்டமாக இருந்தால் குளோர்ஹெக்ஸிடின் கலந்த நீரால் அல்லது ஷாம்புவால் கழுவுவதே பல சமயங்களில் போதும். பரவியோ ஆழமாகவோ இருந்தால்தான் செஃபலெக்ஸின் போன்ற மாத்திரை. அத்துடன், தெள்ளுப்பூச்சியோ ஒவ்வாமையோ மூலகாரணமாய் இருந்தால் அதனையும் நீக்க வேண்டும். இல்லையேல் புண் திரும்பத் திரும்ப வரும்.

அவ்வாறு திரும்ப வந்தால், சீழில் ஒரு துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். சோதனைச்சாலையில் கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, அதன்மேல் பலவகை மருந்துகள் தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைப்பர். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தோன்றும். வட்டம் இல்லாவிட்டால் அம்மருந்து பயனற்றது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி வாங்கும் செலவைவிட இச்சோதனையின் செலவு பல சமயங்களில் குறைவே.

அளவு என்பது எடைக் கணக்கு

'அரை மாத்திரை', 'கால் மாத்திரை' என்று நாம் சொல்வது அளவாகாது. ஓர் உதாரணம் கூறுகிறேன். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து, நாய்க்கும் பூனைக்கும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 12.5 மில்லிகிராம் வீதம், நாளைக்கு இரு வேளை கொடுப்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ நாய்க்கு வேளைக்கு 250 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு 50 மில்லிகிராம். பெரியவர்களுக்காக விற்கப்படும் மாத்திரையில் இருப்பதோ 625 மில்லிகிராம். அதனைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால்தான் பூனையின் அளவுக்கு அருகில் வரும். எந்தக் கத்தியால் அப்படி வெட்டுவது? விலங்குகளுக்கென்றே சிறிய அளவில் மாத்திரைகள் செய்யப்படுவது இக்காரணம் பற்றியே. குழந்தைகளுக்குரிய இனிப்பு மருந்தும் ஆபத்தில்லாதது என்று எண்ணற்க. அவற்றில் சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு.

எடை தெரியாமல் அளவு இல்லை. சங்கத்தில் நூல் நிறுக்கும் தராசு இருக்கிறது. மூடியுள்ள கூடையில் பூனையை வைத்து நிறுத்து, பின் வெறுங்கூடையின் எடையைக் கழித்தால் கணக்குத் தீர்ந்தது. மூட்டை நிறுக்கும் தராசின்மேல் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கலாம். பிறகு அவர் மட்டும் நின்று கழித்துக்கொள்ளலாம். இந்த எண்ணை மருத்துவரிடம் சொன்னால் அவருடைய வேலை பாதி குறையும்.

இனமும் வயதும் கணக்கில் வரும். என்ரோஃப்ளாக்ஸாசின் என்னும் மருந்து நாய்க்குப் பயன்படும் அளவில் பூனைக்குக் கொடுக்கப்பட்டால், விழித்திரை பழுதுற்றுப் பார்வை போய்விடலாம். பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது அதனால் வந்த எச்சரிக்கை. வளரும் நாய்க்குட்டிகளுக்கு அதே மருந்து மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் குட்டிகளின் பற்களில் மஞ்சள் கறை உண்டாக்கும். மனிதருக்கான சிப்ரோஃப்ளாக்ஸாசின் நாயின் குடலில் ஒரே சீராக உறிஞ்சப்படுவதில்லை. ஒரு நாய்க்கு எட்டும் அளவு மற்றொரு நாய்க்கு எட்டாது.

உண்ணிக் காய்ச்சலும் 28 நாளும்

நம் நாட்டு நாய்களை வாட்டும் நோய்களுள் எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல் முக்கியமானது. பழுப்பு நிற நாய் உண்ணி கடிப்பதால் பரவும் இந்நோய் 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் பல இதனால் இரத்தம் ஒழுகி மடிந்தபோதுதான் உலகம் இதன் கொடுமையை முழுதும் அறிந்தது.

இக்கிருமி இரத்தத்தின் வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்கிளின் என்னும் மருந்தை 28 நாள் கொடுப்பதே வழக்கமான சிகிச்சை. இதில்தான் ஒரு சோதனை இருக்கிறது. புதிதாகப் பிடித்த நோயானால், இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் இறங்கி, நாய் வாலாட்டிக்கொண்டு சோறு தின்னத் தொடங்கிவிடும். உடையவரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி அங்கத்தினர் ஆறாம் நாளில் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் சென்று ஒரு காலை, காவல் நாயின் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. மருத்துவர் முதலிலிருந்து தொடங்கினார். நாய் பிழைத்தது, ஆனால் செலவு பல மடங்காயிற்று. "சங்கக் கடனை ஆறு தவணை கட்டி நிறுத்தினால் நீங்கள் விடுவீர்களா, ஐயா? கிருமியும் விடவில்லை" என்று அவரே பின்னர் என்னிடம் சொல்லி வருந்தினார்.

எல்லா நோய்க்கும் 28 நாள் என்று இதனால் கொள்ளலாகாது. நாயின் எளிய மூத்திரப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் வரை போதும் என்று 2019-ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. முன்பு இரண்டு வாரம் கொடுத்து வந்தனர். வேண்டாத நாட்களுக்கு மருந்தை நீட்டினால், உடலில் உள்ள மற்றக் கிருமிகள் எதிர்ப்பு வலிமை பெற இடம் கொடுத்தவர் ஆவோம். ஆகவே மருத்துவர் சொன்ன நாளைக் குறைப்பதும் தவறு. நம் இஷ்டப்படி கூட்டுவதும் தவறு. இடையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அவரையே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கொடுக்கும் முறை

பாலில் கரைத்து ஊற்றுவது நம் வீட்டுப் பழக்கம். டெட்ராசைக்கிளின் வகையும் என்ரோஃப்ளாக்ஸாசின் வகையும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்துகொள்ளும். மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமலே கழிந்துவிடும். எனவே மருத்துவரைக் கேளாமல் பாலில் கொடுக்க வேண்டாம். சிறு சோற்றுருண்டையிலோ மீன் துண்டிலோ வைத்துக் கொடுக்கலாம்.

பூனைக்கு மாத்திரை கொடுப்பவர் முக்கியமாக ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. டாக்ஸிசைக்கிளின் அப்படித் தங்கினால் குழாய் வெந்து, பின் சுருங்கி, பூனை உணவே விழுங்க முடியாதபடி ஆகிவிடும். மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து வாயை மூடி, தொண்டையை மெல்லத் தடவ வேண்டும். பிறகு ஊசி நீக்கிய சிரிஞ்சினால் வாயின் ஓரமாக 6 மில்லிலிட்டர் அளவு நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். அல்லது உடனே சிறிது ஈர உணவு தர வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை உயிர் காக்கும் எச்சரிக்கையாகும். நாயோ பூனையோ எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் தவித்து, குரல் மாறி, குணமும் மாறியிருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியது என்று எண்ணி வாய்க்குள் கை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். அதற்கு எந்த மாத்திரையும் இல்லை. விலகி நின்று கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கடியோ கீறலோ எச்சிலோ பட்டிருந்தால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.

இது எல்லோருக்கும் உரிய காப்பு நிதி

"என் பூனை, என் மாத்திரை, இதில் ஊருக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். கூட்டுறவாளர் கேட்கத்தகாத கேள்வி இது. சங்கத்தின் காப்பு நிதி தனி அங்கத்தினர் எவருக்கும் சொந்தமன்று. ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்தால் ஆபத்துக் காலத்தில் பெட்டி காலியாக இருக்கும். ஆன்டிபயாடிக் மருந்துகளின் வலிமையும் அத்தகைய பொது நிதியே. குறைந்த அளவில், தகாத நோய்க்கு, தவறான மருந்தைக் கொடுக்கும்போது பலவீனமான கிருமிகள் மடிகின்றன. எதிர்க்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. அக்கிருமிகள் நாயின் தோலிலிருந்து அதனைத் தடவும் குழந்தையின் கைக்கு வரலாம். நம்மிடமிருந்து நாய்க்கும் போகலாம். ஒரே திண்ணையில் படுப்பவர்களுக்குள் கிருமி வேறுபாடு பார்ப்பதில்லை.

இதனை முதலிலேயே உரைத்தவர் ஃபிளெமிங். 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தொண்டைப் புண்ணுக்குப் போதாத அளவில் பெனிசிலினைத் தானே வாங்கி உட்கொண்ட ஒருவனைக் கற்பனையாக எடுத்துக் காட்டினார். அவனிடம் பழகி வலிமை பெற்ற கிருமி அவன் மனைவியைப் பற்றுகிறது. மருந்து பலிக்காமல் அவள் இறந்துபோகிறாள். கற்பனை இன்று கணக்காகிவிட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக 2019-ஆம் ஆண்டில் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 2012-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மருத்துவர்கள், மருந்துகளின் முறையற்ற விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று ஒரு பிரகடனம் வெளியிட்டனர். 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாடிக் பலவற்றை மருந்துச்சீட்டு இன்றி விற்பதற்குக் கடுமையான விதி அமலில் உள்ளது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு கண்டால், சீட்டின்றி வாங்கத்தகாத மருந்து என்று அறிக.

செய்யத்தக்கவை

அங்கத்தினர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. தேதி, பிராணியின் எடை, நோயின் அடையாளம், மருந்தின் பெயர், வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாள், கொடுத்ததற்கு ஒரு குறி ஆகிய ஏழு பத்திகள் போதும். அடுத்த முறை மருத்துவரிடம் போகையில் அந்த ஏடே பாதி நோயைச் சொல்லிவிடும். மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த நோய்க்கென்று சேமிக்க வேண்டாம். கிணற்றிலும் வாய்க்காலிலும் எறியவும் வேண்டாம். மருந்தகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். மருந்து கொடுத்த பின்பும் புண்ணைக் கழுவிய பின்பும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழித்து, தடுப்பூசிகளைக் காலத்தில் போட்டுவிட்டால் மாத்திரைக்கே வேலை குறையும்.

சங்கங்களும் ஒன்று செய்யலாம். பொதுப்பேரவை கூடும் நாளில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைத்து அரை மணி நேரம் பேசச் செய்யலாம். அங்கத்தினர்கள் தம் நாய்களையும் பூனைகளையும் கொண்டுவந்து எடை பார்த்து, தடுப்பூசி போட்டுச் செல்லலாம். அதற்காகும் செலவு, எலி கடித்த ஒரு பாவின் விலைக்கு மேல் போகாது என்பது என் எண்ணம்.

நான் சொன்ன சங்கத்தின் கிடங்கில் இப்போது வேறொரு பூனை இருக்கிறது. சென்ற முறை போனபோது அதற்கும் காதோரம் ஒரு புண் கண்டிருந்தது. செயலாளர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நூல் தராசில் கூடையை வைத்து நிறுத்தார். மூன்றரைக் கிலோ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். பையனை அழைத்துக் கூடையையும் காகிதத்தையும் கொடுத்துக் கால்நடை மருந்தகத்திற்கு அனுப்பினார். அதன் பிறகே இருப்புப் புத்தகத்தை என் முன் விரித்தார். அன்றைய தணிக்கையில் எனக்கு மிகவும் திருப்தி தந்த பதிவு, அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்ததுதான்.